எம்.சி. என்றால் கட்டியக்காரனா, சொல்லிசைஞனா?

பிரெஞ்சு ராப் பற்றிப் பேச்செடுத்தால் எம்.சி. சொலார் பெயர் வராமல் போகாது. 'சொலார்' மேடைப்பெயர், சரி, முன்னால் நிற்கிற 'எம்.சி.' என்ன? நம்மூர் இனிஷியல் மாதிரி இருக்கிறது, ஆனால் அவர் இயற்பெயர் க்ளோட் எம்பராலி.

எம்.சி. என்பது 'மாஸ்டர் ஆஃப் செரிமனீஸ்' என்பதன் சுருக்கம். கத்தோலிக்கத் திருச்சபையில் வழிபாட்டுச் சடங்குகள் முறைப்படி நடக்கின்றனவா என்று பார்த்துக்கொள்பவரின் பதவிப்பெயர் அது. பிறகு விருந்து, கேளிக்கை என்று இறங்கி வந்து விழாவை நடத்திக்கொடுப்பவரையும் குறித்தது. 1973இல் நியூயார்க்கின் பிராங்ஸில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றிய விருந்துகளில் கோக் லா ராக் மைக்கைப் பிடித்து, வந்திருந்த நண்பர்களின் பெயரைச் சொல்லிக் கூவி, கூட்டத்தை உசுப்பிவிட்டுக்கொண்டிருந்தார். அப்படி இரண்டு வரி கூவியவர்கள் எதுகை சேர்த்துப் பத்து வரி சொல்ல ஆரம்பித்ததும் தட்டு சுழற்றுகிறவர் பின்னால் போய்விட்டார், பேசுகிறவர் முன்னால் வந்துவிட்டார். 'எம்.சி.' ராப் பாடுபவரின் பட்டமானது இப்படித்தான்.

சொலாரிடம் வரும்போது அது இன்னும் நகர்ந்திருந்தது. 1969இல் செனகலின் டக்காரில் பிறந்தவர், பெற்றோர் சாட் நாட்டவர், வளர்ந்தது பாரீஸ் புறநகரில். கூவுகிற வேலையே அவரிடம் இல்லை, நிதானமாகச் சொல்லை உருட்டி விளையாடுவார். 1991இல் வந்த முதல் ஆல்பத்தின் தலைப்பையே பாருங்கள். காற்றை விதைத்தவன் புயலை அறுப்பான் என்று பிரெஞ்சில் ஒரு பழமொழி, நம் 'வினை விதைத்தவன் வினை அறுப்பான்' போல. அதில் புயலுக்கான 'தம்பெத்'தைத் தூக்கிவிட்டு 'டெம்போ'வைப் போட்டார். காற்றை விதைத்தவன் தாளகதியை அறுப்பான்! 1994இல் வந்த 'ப்ரோஸ் கொம்பா'வும் அப்படித்தான். கைகலப்புச் சண்டையைக் குறிக்கும் 'க்ளோஸ் காம்பாட்'டில் ஒரு சொல்லை மாற்றி உரைநடைச் சண்டை ஆக்கிவிட்டார். மொழியைப் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிற நாட்டில் இப்படி ஒருவரை இலக்கியக்காரர்களும் கவனித்ததில் ஆச்சரியமில்லை.

இனி தமிழுக்கு வருவோம், 'எம்.சி.'யைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'நிகழ்ச்சித் தொகுப்பாளர்' கல்யாண ரிசப்ஷனுக்குச் சரி, ராப்புக்கு ஒட்டாது. கோக் லா ராக் செய்த வேலைக்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது: கட்டியக்காரன். கட்டியம் என்றால் அரசன் வருகையைப் புகழ்பாடி அறிவிப்பது. தெருக்கூத்தில் வேடங்களை அறிமுகப்படுத்தி, நடுநடுவே கேலி பேசி, விடிய விடியக் கூட்டத்தைக் கையில் வைத்திருப்பது அவன்தானே.

ஆனால் சொலாரைக் கட்டியக்காரன் என்றால் பொருந்தாது. ராப்புக்குத் தமிழில் 'சொல்லிசை' ஏற்கெனவே புழங்குகிறது, அதிலிருந்து வரும் 'சொல்லிசைஞர்' அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அவர் பெயரை எழுதும்போது மட்டும் எம்.சி. சொலார் என்றே எழுதுங்கள், பெயரை யாராவது மொழிபெயர்ப்பார்களா?