வார்டன் பக்கத்தில் நிற்கும்போது கேட்கும் கேள்விகள்

நர்சிங் கல்லூரிகளில் ஆராய்ச்சித் தலைப்பு கொடுக்கும் காலம் வந்தால் இரண்டு தலைப்புகள் தவறாமல் வரும். ஒன்று, முதியோர் பராமரிப்பின் தரம். இன்னொன்று, நர்சிங் மாணவிகளின் மன அழுத்தம். இரண்டுமே தேவையானவைதான். ஆனால் இரண்டிலும் பதில் சொல்கிறவர் கேட்கிறவரின் தயவில் இருக்கிறார். அதைக் கணக்கில் எடுக்காமல் வாங்கிய பதில்களை எவ்வளவு அழகாக அட்டவணை போட்டாலும் பிரயோஜனம் இல்லை. கைடாக இருந்து பல தீசிஸ்களைத் திருத்தியதில் எனக்குத் தோன்றியது இது.

முதியோர் இல்லத்தில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். மாணவி ஃபார்மோடு கட்டிலருகே உட்கார்வாள். வார்டன் அக்கா வாசலில் நிற்பார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வந்த பிள்ளைகளுக்கு உதவலாம் என்றுதான்.

"சாப்பாடு நல்லா இருக்கா ஆயா?"

"நல்லா இருக்கு கண்ணு."

"கூப்பிட்டா வர்றாங்களா?"

"ஓடி வருவாங்க."

'மிகவும் திருப்தி' என்ற கட்டத்தில் டிக் விழும். ராத்திரி பாத்ரூம் போக ஆயா அந்த அக்காவைத்தான் எழுப்பியாக வேண்டும். வேறு என்ன சொல்வார்?

பராமரிப்பின் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னவர் அவேடிஸ் டொனபேடியன் என்ற மருத்துவர். ஆண்டு 1966. நம் மாணவிகள் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். சாய்தளம் இருக்கிறதா, கழிப்பறை எத்தனை, ஃபேன் ஓடுகிறதா. எண்ண எளிது, யாருக்கும் வருத்தமும் இல்லை. விளைவு முதியவரின் உடம்பில் இருக்கிறது. போர்வையை விலக்கினால்தான் தெரியும்.

அதனால் ஃபார்மை ஓரமாக வைத்துவிட்டு முதலில் குதிகாலைப் பார்க்கச் சொல்வேன். பிறகு இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லையென்றால் படுக்கைப் புண் ஆரம்பமாகிவிட்டது. நம்மவர்களின் கறுத்த தோலில் இந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. பாடப்புத்தகப் படத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். புறங்கையால் தொட்டு, பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே பவுடர் போட்டுத் தேய்ப்பதை இன்னும் பல இடங்களில் பார்க்கிறேன். தேய்க்கக் கூடாது. அடியில் நசுங்கிக் கிடக்கும் திசு இன்னும் கெடும். ஏர் பெட் வாங்கிப் போட்டாயிற்று, இனித் திருப்பிப் படுக்க வைக்க வேண்டாம் என்று நினைப்பதும் தப்பு.

1987-ல் வந்த பிரேடன் அளவுகோல் புண் வரும் ஆபத்துக்கு எண் கொடுக்கிறது. உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, சாப்பாடு, உராய்வு என்று ஆறு விஷயங்கள். முழு மதிப்பெண் 23. பதினெட்டோ அதற்குக் கீழோ வந்தால் புண் வரும் ஆபத்து உண்டு. வார்டன் பக்கத்தில் நின்றாலும் இந்த எண் பெரிதாக மாறாது.

இன்னொன்றும் கவனியுங்கள். தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் சில முதியவர்கள் சாயங்காலத்துக்கு மேல் ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டார்கள். தாகம் இல்லாமல் இல்லை. ராத்திரி யாரையும் எழுப்பக் கூடாது என்ற பயம். நாக்கு வறண்டிருக்கும், சிறுநீர் மஞ்சளாகப் போகும், சில நாளில் மலச்சிக்கலும் குழப்பமும் சேர்ந்துகொள்ளும். "வயசாயிடுச்சு, ஏதேதோ பேசுறாங்க" என்று வீட்டில் சொல்வார்கள். திடீரென்று வந்த குழப்பம் மறதி நோய் அல்ல. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டியது.

சரி, மாணவிகளுக்கு வருவோம். வகுப்பு டீச்சர் மேஜையருகே நிற்க, மேலே பெயரும் ரோல் நம்பரும் எழுதிய தாளில், "கடந்த இரண்டு வாரத்தில் உற்சாகமின்றி இருந்தீர்களா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? இன்டர்னல் மார்க் போடுவது அதே டீச்சர். ஆயாவின் பதிலேதான் இங்கேயும் வரும்.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளைப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல கருவி. மொத்த மதிப்பெண் 27; பத்தோ அதற்கு மேலோ வந்தால் கூடுதலாகப் பரிசோதிக்க வேண்டும். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்பது. ஒரு பெண் அதில் டிக் செய்திருக்கிறாள், அந்தத் தாள் டேட்டா என்ட்ரிக்காக அலமாரியில் கிடக்கிறது என்றால், அந்த ஆராய்ச்சியை நடத்தாமலே இருந்திருக்கலாம். தாள் வாங்கிய அன்றே ஒன்பதாவது வரியை யார் பார்ப்பது, யார் அவளிடம் பேசுவது, எந்த மனநல மருத்துவரிடம் அனுப்புவது என்று முன்கூட்டியே எழுதி வைக்காத தலைப்பில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. கறார் பேர்வழி என்று பெயர் வந்ததுதான் மிச்சம்.

இந்த இரண்டு தலைப்புகளும் உள்ளுக்குள் ஒன்றுதான் என்பதை லண்டனில் ஒரு மருத்துவமனையை ஆராய்ந்த உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்ஸீஸ் 1960-லேயே எழுதிவிட்டார். அங்கே பயிற்சி நர்ஸ்களில் மூன்றில் ஒரு பங்கினர் படிப்பைப் பாதியில் விட்டுப் போனார்கள், பெரும்பாலும் தாங்களாகவே. வலியையும் சாவையும் பக்கத்தில் இருந்து பார்ப்பதால் வரும் கலக்கத்தைச் சமாளிக்க, வேலையைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்தார்கள். நோயாளியின் பெயர் போய், அவர் 'பத்தாம் படுக்கைக் கல்லீரல்' என்று ஆகிவிட்டார். அதனால் கலக்கம் குறையவில்லை. நோயாளியோடு இருக்கும் ஒட்டுதல்தான் போனது.

நம் வார்டில் அது "பன்னெண்டாம் பெட்டு பாட்டி". முதல் சாவைப் பார்த்த மாணவியை, "நர்ஸுன்னா அழக்கூடாது" என்று அதட்டிப் பக்கத்துக் கட்டிலுக்கு பிபி பார்க்க அனுப்புகிறோம். அப்புறம் அவள் எந்தப் பாட்டியின் முகத்தையும் பார்க்காமல் வேலை செய்யக் கற்றுக்கொள்கிறாள். போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்க்கிற பொறுமை அவளுக்கு எங்கிருந்து வரும்?

இந்த வருடம் தலைப்பு எடுக்கிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். முதியவரிடம் பேசும்போது இல்லத்து ஆட்கள் காதில் விழாத தூரத்தில் இருக்கட்டும். முதல் நாளே கேள்வி கேட்காமல், நகம் வெட்டிவிட்டு, எண்ணெய் தேய்த்துத் தலைவாரிவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். மாணவிகளின் தாளை அவர்களுக்கு மார்க் போடாத ஒருவர் வாங்கட்டும். பெயருக்குப் பதில் குறியீட்டு எண் போடுங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பூட்டிய இடத்தில், உடனே உதவ வேண்டிய அந்த ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அதை முன்பே மாணவிகளிடம் சொல்லிவிடுங்கள். தாளின் அடியில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ அச்சிடுங்கள். எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். முதியவர்கள் கொடுமைப்படுத்தப்படுவது தெரிந்தால் அழைக்க வேண்டிய எண் 14567.