மால்ட்ல இருந்த ஸ்டார்ச் எங்க நின்னுபோச்சு?

அமெரிக்காவுல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார், பீர் காய்ச்ச 5 கிலோ பேல் மால்ட் (முளைகட்டிக் காயவெச்ச வெளிர் நிற பார்லி) போட்டு, 66 டிகிரி செல்சியஸ்ல ஒரு மணி நேரம் மேஷ் பண்ணி (வெந்நீர்ல ஊறவெச்சு), 20 லிட்டர் வோர்ட் (வடிச்ச சர்க்கரைத் தண்ணி) எடுத்தா கிராவிட்டி, அதாவது தண்ணியை 1னு வெச்சா அதோட அடர்த்தி, 1.043தான் வருது, ரெசிபில 1.056னு இருக்கு, மீதி எங்க போச்சுன்னு. (அங்க 1978ல ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்து போட்ட சட்டத்துக்கு அப்புறம் ஃபெடரல் அளவுல வீட்டு பீர் குத்தமில்ல. தமிழ்நாட்ல லைசென்ஸ் இல்லாம காய்ச்சக் கூடாது, அதனால இங்க இருக்கறவங்க இதை வேதியியலா மட்டும் படிங்க.)

கணக்கு சுலபம். ஒரு கிலோ பேல் மால்ட் முழுசா கரைஞ்சா ஒரு லிட்டருக்கு சுமார் 300 பாயிண்ட் (கிராவிட்டில 1க்கு மேல இருக்கற ஒவ்வொரு 0.001ம் ஒரு பாயிண்ட்), 5 கிலோவுக்கு 1500, அதை 20 லிட்டரால வகுத்தா 75, அதாவது 1.075. இவருக்கு வந்தது 43 பாயிண்ட், எஃபிஷியன்சி 57 சதவீதம். வீட்ல காய்ச்சறவங்களுக்கு 70லேர்ந்து 80 வரைக்கும் வரும்.

இழப்பு ரெண்டு இடத்துல நடக்கலாம். ஸ்டார்ச் சர்க்கரையாவே மாறாம இருக்கலாம், இல்ல மாறின சர்க்கரை சக்கையிலயே தங்கிடலாம். இதைப் பிரிச்சுப் பாக்காமலே மால்ட்டைக் கூட்டறது, நேரத்தைக் கூட்டறதுன்னு அலையறாங்க, அதுதான் எனக்கு ஆதங்கம். ஸ்பார்ஜ் தண்ணி (சக்கையில தங்கின சர்க்கரையை அலசி எடுக்கற வெந்நீர்) ஊத்தறதுக்கு முன்னாடி மேஷை நல்லா கலக்கி, கொஞ்சம் வோர்ட் எடுத்து, 20 டிகிரிக்கு ஆறவிட்டு ஹைட்ரோமீட்டர்ல (அடர்த்தி அளக்கற மிதவை) பாருங்க. கிலோவுக்கு 3 லிட்டர் தண்ணின்னா, ஸ்டார்ச் மொத்தமும் மாறியிருந்தா 1.083 கிட்ட காட்டணும். அவரும் 3 லிட்டர் கணக்குலதான் மேஷ் பண்றார், அவர் அளந்தது 1.064. அப்போ கால்வாசி ஸ்டார்ச் மாறவே இல்ல, ஸ்பார்ஜை இப்போதைக்கு விட்டுடலாம்.

இனிமே வர்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பார்லிக்குள்ள ஸ்டார்ச் குட்டிக் குட்டி மணிகளா, குளுக்கோஸ் சங்கிலிகள் நெருக்கமா அடுக்கினபடி இறுகிக் கிடக்கு, அந்த நிலைல மால்ட்ல இருக்கற என்சைம் (ஸ்டார்ச்சை வெட்டற புரதம்) அதைத் தொட்டாலும் பெருசா ஒண்ணும் நடக்காது. 60, 65 டிகிரி வரும்போது தண்ணி உள்ள புகுந்து மணி உப்பி, அடுக்கு குலைஞ்சு சங்கிலிகள் வெளிய வரும், சோறு வேகறப்ப நடக்கற அதே வேலைதான். அப்புறம் ரெண்டு என்சைம் இறங்குது. ஆல்ஃபா அமைலேஸ் சங்கிலியோட நடுவுல எங்க வேணாலும் வெட்டும், பீட்டா அமைலேஸ் ஒரு முனையில ஆரம்பிச்சு ரெண்டு ரெண்டு குளுக்கோஸா நறுக்கி மால்டோஸா தள்ளிட்டே வரும், கிளை பிரியற இடத்துக்குக் கிட்ட வந்தா நின்னுடும். ஆல்ஃபா ஒவ்வொரு வெட்டு வெட்டும்போதும் பீட்டாவுக்கு ஒரு புது முனை கிடைக்குது! ஒண்ணு வேலை செஞ்சாதான் இன்னொண்ணுக்கு வேலை. ஆனா பீட்டா சூடு தாங்காது, 70 டிகிரி கிட்ட போனா சீக்கிரமே செத்துடும், ஆல்ஃபாவுக்கோ அங்கதான் நல்ல வேகம், அதனாலதான் 66ங்கற நடுப்புள்ளி.

இவ்வளவும் நடக்க தண்ணி மணிக்குப் போய்ச் சேரணும். மால்ட் சரியா உடையலேன்னா ஒரு மணி நேரத்துல தண்ணி நடு வரைக்கும் போகாது. மேஷ் முடிஞ்ச சக்கையில ஒரு கை அள்ளி விரல்ல நசுக்கிப் பாருங்க, வெறும் உமியா நசுங்கினா சரி, உள்ள வெள்ளையா கெட்டியா ஏதாவது தட்டுப்பட்டா அதுதான் நீங்க தேடற ஸ்டார்ச். அதுமேல ஒரு சொட்டு அயோடின் விட்டா கருநீலமா மாறும். இவரோட சக்கையில முழு தானியமே கிடக்குதாம், கடையிலயே அரைச்சுக் கொடுத்த மால்ட்டாம்.

அடுத்த சந்தேகம் பிஹெச், அதாவது மேஷோட அமிலத்தன்மை அளவு. என்சைம் நல்லா வேலை செய்ய, ஆறவெச்சு அளந்தா 5.2லேர்ந்து 5.6க்குள்ள இருக்கணும். பைகார்பனேட் அதிகமுள்ள தண்ணில வெளிர் மால்ட் மட்டும் போட்டா இது மேல ஏறிடும், கொஞ்சம் லாக்டிக் ஆசிட் போதும். இந்த பிஹெச் அளவுகோலே ஒரு பீர் கம்பெனி ஆய்வகத்துல பிறந்ததுதான், 1909ல கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்துல வேதியியலாளர் சோரன்சன் என்சைம்களை ஆராயும்போது கொண்டு வந்தார். 1875ல அந்த ஆய்வகத்தைத் தொடங்கின பீர் கம்பெனி முதலாளி யாகோப்சன், கண்டுபிடிப்புகளை ரகசியமா வெச்சுக்கக் கூடாதுன்னே விதி போட்டார். அதனாலதான் இன்னிக்கு மண் பரிசோதனையிலயும் ரத்தப் பரிசோதனையிலயும் அந்த எண் இருக்கு. அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்போது "உடனே என்ன பயன்"னு கேக்கறவங்க இதை யோசிக்கணும்னு நான் உறுதியா நினைக்கறேன்.

வாசகருக்கு நான் சொல்றது, மால்ட்டை நீங்களே அரைங்க, அரைக்கற மெஷினோட ரோலர் இடைவெளி 1 மில்லிமீட்டர்னா 0.9க்குக் குறைங்க, அரைக்கறதுக்கு முன்னாடி லேசா தண்ணி தெளிச்சா உமி பொடியாகாது, பொடியானா வடிகட்டறப்ப அடைச்சுக்கும். அப்புறமும் ஸ்பார்ஜுக்கு முந்தின முதல் வோர்ட் 1.080 தாண்டி, கடைசி எஃபிஷியன்சி மட்டும் குறைஞ்சா அப்போ ஸ்பார்ஜைப் பாருங்க, வேகமா ஊத்தினா தண்ணி ஒரே வழியில இறங்கிடும், மெதுவா, சக்கைக்கு மேல எப்பவும் ரெண்டு விரக்கடை தண்ணி நிக்கற மாதிரி ஊத்துங்க.