ஏல ரசீது இருந்தால் மட்டும் மரம் உங்களுடையது ஆகிவிடாது

மதுரையில் வன வழக்குகள் நடத்தும் வழக்கறிஞன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என்னிடம் வரும் மர வியாபாரிகளில் பெரும்பாலோர் திருடர்கள் அல்ல. டேவணி (முன்பணம்) கட்டி, நாலு பேரோடு போட்டி போட்டு ஏலம் எடுத்து, முழுத் தொகையும் செலுத்தியவர்கள். ரசீது சட்டைப் பையில் இருக்கும், பிடிபட்ட லாரி ரேஞ்ச் ஆபீஸ் (வனச்சரக அலுவலகம்) வாசலில் நிற்கும். "அரசாங்கம்தானே சார் வித்துச்சு, அதே அரசாங்கம் எப்படிப் பிடிக்கும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சட்டத்தில் அதற்கான பதில் அவர்களுக்குச் சாதகமாக இருப்பதில்லை.

அரசாங்கம் என்பது ஒரே ஆள் இல்லை. கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். சாலையோரப் புளியமரம் என்றால் அந்தச் சாலையைப் பராமரிக்கும் துறை. தரிசும் புறம்போக்கும் வருவாய்த் துறை கையில். காப்புக்காடு வனத்துறை கையில். ஒவ்வொருவருக்கும் அந்த நிலத்தில் எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவைத்தான் விற்க முடியும். தன்னிடம் இல்லாத உரிமையைத் தீர்மானம் போட்டோ முத்திரை வைத்தோ யாரும் அடுத்தவருக்குக் கொடுத்துவிட முடியாது.

காப்புக்காட்டிலிருந்து ஆரம்பிப்போம். அழகர்மலை, நாகமலை, சிறுமலை அடிவாரம், சாப்டூர் என்று மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் பெரும்பகுதிக்கு 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம்தான் அடிப்படை. இதில் மூன்று கட்டங்கள். காப்புக்காடு ஆக்கப் போகிறோம் என்று பிரிவு 4-இல் அறிவிக்கை வரும். பிறகு வனத் தீர்வு அலுவலர் பிரிவு 6-இன்படி ஊரில் பிரகடனம் செய்து, நிலத்திலும் மேய்ச்சலிலும் பாதையிலும் யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கேட்டு விசாரிப்பார். எல்லாம் முடிந்தபின் பிரிவு 16-இல் காப்புக்காடு என்ற இறுதி அறிவிக்கை. அதன்பின் அங்கே மரம் வெட்டுவது பிரிவு 21-இன்படி குற்றம்.

சிக்கல் பெரும்பாலும் நடுவில்தான். பிரிவு 4 வந்து 16 வராமல் பல காலமாக நிற்கும் நிலங்கள் உண்டு. "இன்னும் காப்புக்காடு ஆகலையே, புறம்போக்குதானே" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பிரகடனம் வந்துவிட்டால், இறுதி அறிவிக்கை வரும்வரை, அரசின் எழுத்துமூல ஒப்பந்தம் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த நிலத்தில் புதிதாக எந்த உரிமையும் யாருக்கும் உருவாகாது, புதிதாகக் காட்டைத் திருத்தவும் கூடாது என்று பிரிவு 7 சொல்கிறது. அந்த இடைக்காலத்தில் போட்ட ஏலத்துக்கு என்ன மதிப்பு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, வனத்துறையாவது நினைத்தபடி வெட்டலாமா? முடியாது. 1980-ஆம் ஆண்டின் மத்திய வனப் பாதுகாப்புச் சட்டம் (2023 திருத்தத்துக்குப் பின் அதற்கு இந்திப் பெயர்) இயற்கையாக வளர்ந்த மரங்களை அழித்துவிட்டு வேறு நடுவதற்குக்கூட மத்திய அரசின் முன் அனுமதியைக் கேட்கிறது. அதைவிடப் பெரிய கட்டுப்பாடு 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. மத்திய அரசு ஒப்புதல் தந்த பணித் திட்டத்தின்படி (காட்டை நிர்வகிக்க மாநிலம் போடும் திட்டம்) அல்லாமல் எந்த மாநிலமும் காட்டு மரத்தை வெட்டக் கூடாது என்றது. தமிழ்நாட்டுக்குத் தனியாக ஒரு பத்தியே எழுதி, வனப் பகுதிகள் அனைத்திலும் மரம் வெட்ட முழுத் தடை விதித்தது. தானாக முளைக்காமல் நட்டு வளர்த்தவையாகவும், முன்பு காடாக இல்லாத இடத்தில் நிற்பவையாகவும் இருக்கும் மரங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது என்றும் சொன்னது. 'காடு' என்பதை அகராதிப் பொருளில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், நிலம் யாருடையது என்பது முக்கியமல்ல என்றதும் அதே உத்தரவுதான். 2023 திருத்தம் அந்தப் பொருளைச் சுருக்கியது. ஆனால் பழைய விளக்கத்தையே பின்பற்றும்படி 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. ஆகவே வருவாய்க் கணக்கில் தரிசு என்று எழுதியிருப்பதாலேயே அது காடு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சாப்டூர் பக்கம் இன்னொரு அடுக்கும் சேர்கிறது. அந்தச் சரகம் 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயத்துக்குள் வந்தது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் ஆனது. சரணாலயத்துக்குள் காய்ந்த மரம், நோய்ப்பட்ட மரம், காற்றில் சாய்ந்த மரம் எதையும் எடுக்கக் கூடாது என்று 2000 பிப்ரவரி 14-இல் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. "விழுந்து கிடந்ததைத்தானே எடுத்தேன்" என்ற வாதத்தை வைத்துக்கொண்டு என்னால் நீதிமன்றத்தில் எதுவும் செய்ய முடிவதில்லை.

அதே மலையடிவாரத்தில் இருக்கும் பளியர் பழங்குடியினரின் உரிமை வேறு, அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்குத் தேன், மெழுகு, மூலிகை, கிழங்கு, மூங்கில் எல்லாவற்றின் மீதும் உடைமையே தருகிறது. புதர் விறகும் மரத்தூரும்கூடச் சிறுவனப் பொருள் பட்டியலில் உண்டு. தடிமரம் மட்டும் கிடையாது. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, சாலை, குடிநீர்க் குழாய் போன்ற 13 தேவைகளுக்குக் கிராம சபைப் பரிந்துரையோடு 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை ஒதுக்கலாம். அப்போது ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. தேன்கூடையோடு இறங்கிவரும் ஒருவரை மரக்கடத்தல்காரர்போல நிறுத்தி விசாரிப்பது சட்டத்துக்கே விரோதம். இதை அதிகாரிகளும் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

இனி, வியாபாரிகள் அதிகம் மாட்டுகிற இடத்துக்கு வருகிறேன்: கண்மாய்.

வாடிப்பட்டிப் பக்கம் ஒருவர். கண்மாயும் அதை ஒட்டிய புறம்போக்கும் சேர்த்து மரம் வெட்டும் ஏலத்தை உள்ளூர் அமைப்பு ஒன்றிடம் எடுத்தார். தீர்மான நகல், ரசீது, வேலை உத்தரவு எல்லாம் பக்காவாக இருந்தன. உத்தரவில் சர்வே எண் மட்டும்தான் இருந்தது, உட்பிரிவு இல்லை. அந்த ஒரு எண்ணுக்குள் மூன்று உட்பிரிவுகள். இரண்டு கண்மாய். மூன்றாவது, மலையை ஒட்டிய துண்டு, பிரிவு 4 அறிவிக்கையில் இருந்தது. 'ஏ' பதிவேட்டின் (ஊரின் நிலங்களை சர்வே எண் வாரியாகக் காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) குறிப்புக் கலத்தில் சிறிய எழுத்தில் அது எழுதியிருந்தது, ஏலம் போட்டவர்களும் பார்க்கவில்லை, எடுத்தவரும் பார்க்கவில்லை. ஆட்கள் கண்மாயை முடித்துவிட்டு மேட்டில் ஏறினார்கள். அங்கே வேம்பும் உசிலையும் விழுந்த மறுநாளே வனவர் வந்துவிட்டார்.

அந்தப் பதிவேட்டை நான் தாலுகா ஆபீசில் வாங்கிப் பார்த்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

அதனால் ஏலம் கேட்கும் முன்பு உட்பிரிவோடு சர்வே எண்ணைக் கேளுங்கள். 'ஏ' பதிவேட்டையும் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பாருங்கள், குறிப்புக் கலத்தை விடாதீர்கள். பக்கத்தில் மலையோ காட்டு எல்லைக் கல்லோ இருந்தால் ரேஞ்ச் ஆபீசில் எழுத்துமூலமாகக் கேட்டுப் பதில் வாங்குங்கள், வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். அரசு நிலத்து மரத்துக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் ஒப்புதல் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கண்மாய்க்குள் சமூகக் காடுகள் திட்டத்தில் வனத்துறை நட்ட நாட்டுக் கருவேலம் இருந்தால், நிலம் ஒருவருடையது, மரம் வேறொருவர் கணக்கில். இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும்.

சீமைக் கருவேலம் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-இல் அதை அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும், யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக் கரிமூட்டம் போடலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அது தவறு. முள்மரம் என்றாலும் கண்மாயில் நிற்பது பொதுச் சொத்து, ஏலத்தில்தான் போக வேண்டும். சீமைக் கருவேலம் என்று எழுதிய ஏலத்தில் நடுவே நின்ற நாட்டுக் கருவேலத்தையும் புளியையும் சேர்த்துச் சாய்த்தால், அந்த மரங்களுக்கு உங்களிடம் காகிதமே இல்லை.

மரத்தை அடையாளம் காட்டுவது மார்க்கிங் பட்டியல்தான். ஒவ்வொரு மரத்துக்கும் எண், இனம், நெஞ்சு மட்டத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில், எடுத்த சுற்றளவு இவை அதில் இருக்கும். வனத்துறை முறைப்படி மார்க் செய்தால் பட்டையைச் செதுக்கி அடிமரத்திலும் முத்திரைச் சுத்தியலால் அடிப்பார்கள். வெட்டியபின் நிற்கும் தூரில் அந்த முத்திரை இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். முத்திரையோடு நிற்கும் தூர் உங்களுக்குச் சாட்சி. இடுப்பு உயரத்தில் அறுத்தாலும், அடியோடு தோண்டினாலும், பட்டியலில் உள்ள மரத்தைத்தான் வெட்டினீர்கள் என்று காட்ட ஒன்றும் மிஞ்சாது. ஜே.சி.பி. வைத்துத் தூரைப் பிடுங்கிக் குழியை மூடிவிட்டு வந்தவர்களுக்காக வாதாடுவது பெரும்பாடு.

2சி பட்டா வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். புறம்போக்கில் நிற்கும் புளிக்கோ பனைக்கோ கொடுக்கிற அந்த மரப்பட்டா, காயையும் பழத்தையும் அனுபவிக்கத்தான். வெட்டுவதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

வெட்டியாயிற்று, ஏற்ற வேண்டும். 1968-ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகளின்படி, விலக்களித்த இனம் இல்லையென்றால் பெர்மிட் இல்லாமல் லாரி நகரக் கூடாது. பெர்மிட்டில் உள்ள துண்டுகளின் எண்ணிக்கையும் லாரியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது.

லாரி பிடிபட்டால் வழக்கு ஒருபுறம் நடக்கும், வாகனத்தையே பறிமுதல் செய்யும் நடவடிக்கை வனச் சட்டம் 49-ஏ பிரிவில் தனியாக நடக்கும். குற்ற வழக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த நோட்டீஸை விட்டுவிடாதீர்கள். லாரி உரிமையாளர் தனக்கோ தன் டிரைவருக்கோ இது தெரியாது, வேண்டிய முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தோம் என்று நிரூபித்தால் 49-பி பிரிவில் வாகனம் தப்பும். வாடிப்பட்டிக்காரர் விஷயத்தில் லாரியை அப்படித்தான் மீட்டோம். மரம் போனது போனதுதான், ஏலத் தொகையைத் திரும்பக் கேட்டு இன்னும் அலைகிறார். பறிமுதல் உத்தரவுக்கு மேல்முறையீடு உண்டு, ஆனால் காலவரம்பு குறுகியது. உத்தரவு கைக்கு வந்த அன்றே வக்கீலைப் பாருங்கள்.

ரேஞ்ச் ஆபீசில் "காம்பவுண்ட் பண்ணிட்டுப் போயிடுங்க" என்பார்கள், அதாவது ஒரு தொகையைக் கட்டி வழக்கில்லாமல் முடித்துக்கொள்வது. தொகை சின்னதாகத் தெரியும். அதோடு எழுதிக் கொடுக்கும் வாக்குமூலத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருப்பீர்கள், அடுத்த முறை அதுவே உங்களுக்கு எதிராக வரும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், வெற்றுத் தாளில் ஒருபோதும் வேண்டாம்.

வெட்டுக் கூலிக்கு வருகிறவர்களுக்கு இந்தக் காகிதம் எதுவும் தெரியாது. ஆனால் வழக்கில் முதலில் சேர்வது அவர்கள் பெயர்தான், ஏலதாரர் பெயர் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வரும். ஒரு நாள் கூலிக்கு வந்தவர் வருடக்கணக்கில் வாய்தாவுக்கு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். வேலை உத்தரவு, மார்க்கிங் பட்டியல், புலப்படம் மூன்றின் நகலையும் மேஸ்திரி கையில் கொடுத்து, எல்லை எதுவரை என்று களத்தில் நடந்து காட்டிவிட்டு அப்புறம் அரிவாளை எடுக்கச் சொல்லுங்கள்.