இருபது வருடம் கழித்து விழுந்த குத்து

1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ். குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் என்னும் அதிக எடைப் பிரிவின் பட்டத்துக்கான சண்டையில் ஒன்பது ரவுண்டு முடிந்திருந்தது. சாம்பியன் மைக்கேல் மூரருக்கு வயது 26. எதிரே நின்ற ஜார்ஜ் ஃபோர்மேனுக்கு 45. மூன்று நடுவர்களின் கணக்கிலும் மூரர்தான் முன்னால் இருந்தார். பத்தாவது ரவுண்டில் ஃபோர்மேன் இடது கையால் ஒன்று வைத்தார், அதன் பின்னாலேயே வலது கையால் தாடையில் ஒன்று. மூரர் மல்லாக்க விழுந்தார். ரெஃப்ரி பத்து எண்ணி முடித்தபோதும் அவர் எழவில்லை. ஃபோர்மேன் தன் மூலைக்குப் போய் மண்டியிட்டு ஜெபம் செய்தார்.

அந்தக் குத்தைப் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கண்ணைப் பறிக்கும் வேகம் எதுவும் அதில் இல்லை. குட்டையான, நேரான ஒரு வலது, அவ்வளவுதான். ஒன்பது ரவுண்டாக அடி வாங்கிக்கொண்டிருந்த, தலைமுடி போன ஒரு மனிதரின் கையில் இந்தப் பலம் எங்கிருந்து வந்தது?

கையிலிருந்து வரவில்லை என்பதுதான் முதல் பதில். ஃபோர்மேன் அன்று ஏறக்குறைய 113 கிலோ. ஒரு கையின் எடை உடல் எடையில் 5 சதவீதம்தான், அதாவது ஐந்தாறு கிலோ. ஒரு நிமிடம் எழுந்து சுவர் முன்னால் நில்லுங்கள். வலது முஷ்டியைச் சுவரில் வைத்துத் தோளால் மட்டும் தள்ளிப் பாருங்கள். அப்புறம் வலது காலைப் பின்னால் வைத்து, முன்பாதத்தால் தரையை உந்தி, இடுப்பைத் திருப்பித் தள்ளுங்கள். இரண்டாவது முறை முஷ்டிக்குப் பின்னால் உடம்பே வந்து நிற்பது தெரியும். 1980-களில் சோவியத் ஆய்வாளர்கள் 120 குத்துச்சண்டை வீரர்களை வைத்து இதை அளந்தார்கள். தேர்ந்த வீரர்களின் குத்து விசையில் ஏறக்குறைய 38 சதவீதம் பின்னங்காலிலிருந்து வந்தது, 37 சதவீதம் உடம்பைத் திருப்புவதிலிருந்து. கையின் பங்கு 24 சதவீதம்தான். கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கோ காலின் பங்கு 17-ஐத் தாண்டவில்லை.

பின்னாளில் உலக சாம்பியனான பிரிட்டன் வீரர் ஃபிராங்க் புரூனோவின் குத்தையும் 1985-இல் அளந்திருக்கிறார்கள். முஷ்டி இலக்கைத் தொடும்போது வேகம் நொடிக்கு 8.9 மீட்டர். உச்ச விசை 4,096 நியூட்டன், அதாவது நானூறு கிலோவுக்கு மேற்பட்ட ஒரு பாரம் அழுத்துகிற அளவு. அரை மீட்டர் தூரத்தை அந்த முஷ்டி ஏறக்குறைய பத்தில் ஒரு நொடியில் கடக்கிறது. கண் பார்த்து, மூளை புரிந்து, உடம்பு அசையவோ பத்தில் இரண்டு நொடி வேண்டும். ஆகவே, முஷ்டியைப் பார்த்து விலகுவது யாராலும் முடியாது. எதிராளியின் தோளும் இடுப்பும் காலும் அசையத் தொடங்குவதைப் படித்துத்தான் வீரர்கள் தப்பிக்கிறார்கள்.

வயது இங்கேதான் குறுக்கே வருகிறது. வேகமாகச் சுருங்கும் தசை இழைகளைத்தான் முதுமை முதலில் அரிக்கிறது. கால் ஓட்டம் குறையும், கண்ணுக்கும் கைக்கும் இடையே நேரம் கூடும். ஆனால் விடாமல் பயிற்சி செய்கிறவரின் மொத்தப் பலம் நாற்பத்தைந்தில் பெரிதாகச் சரிவதில்லை. உடல் எடை எங்கும் போவதில்லை. முஷ்டி தொடும் கணத்தில் மணிக்கட்டையும் முழங்கையையும் தோளையும் ஒரே இரும்புக் கம்பிபோல் இறுக்கும் பழக்கமும் மறப்பதில்லை. ஓடிப் பிடிக்க முடியாதவரால், பக்கத்தில் வந்து நிற்கிறவரை அடிக்க முடியும்.

மூரர் சண்டைக்கு இருபது வருடம் முன்னால் ஃபோர்மேனின் சிக்கல் நேர் எதிரானது. 1974 அக்டோபர் 30, ஜயர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கின்ஷாசா. அப்போது ஃபோர்மேனுக்கு வயது 25, நாற்பது சண்டையில் ஒன்றுகூடத் தோற்றதில்லை. எதிராளி முகமது அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். தொய்ந்த கயிறு அவரோடு சேர்ந்து பின்னால் போனது. ஓடும் பந்தைக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடித்தால் உள்ளங்கை எரியாது, அதே கணக்கு. அடி நிற்க எடுக்கும் நேரம் நீண்டால் விசை குறைகிறது. ஃபோர்மேனோ முழு வீச்சில் அடித்துக்கொண்டே இருந்தார். அந்த மாதிரி உச்ச வேலைக்குத் தசையில் கையிருப்பாக இருக்கும் கிரியாட்டின் பாஸ்பேட் என்னும் எரிபொருள் பத்து நொடி அளவுக்குத்தான் தாங்கும். அதன்பின் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை எரிக்க வேண்டியிருக்கும். அதன் கழிவுகள் சேரச் சேரத் தசை சொன்னபடி கேட்காது. தவறிய குத்து இன்னும் மோசம். எதிலும் படாமல் போகும் கையைத் தன் தசையாலேயே பிடித்து நிறுத்த வேண்டும். எட்டாவது ரவுண்டில் அலி கயிற்றிலிருந்து வெளியே வந்து அடித்தார், ஃபோர்மேன் விழுந்தார்.

1977-இல் ஓய்வு பெற்று, ஹூஸ்டனில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தவர், பத்து வருடம் கழித்துத் திரும்பியபோது சிக்கனக்காரராக வந்தார். கைகளைக் குறுக்கே மடித்துத் தற்காத்தார், தேவையில்லாமல் ஓர் அடி நகரவில்லை. ரவுண்டுகளுக்கு நடுவே ஸ்டூலில்கூட உட்காராமல் நின்றுகொண்டே இருப்பார். மூரருடன் மோதிய இரவில் அவர் போட்டிருந்தது கின்ஷாசாவில் போட்ட அதே சிவப்பு டிரவுசர். அன்று அலியின் மூலையில் நின்ற பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி இப்போது இவர் மூலையில். எனக்கு இந்த விவரம் மிகப் பிடிக்கும்.

சரி, தாடையில் ஏன்? ஒரு பாத்திரம் நிறையக் கெட்டித் தயிரை எடுத்துச் சட்டென்று திருப்புங்கள். பாத்திரம் திரும்பிவிடும், தயிர் ஒரு கணம் பின்தங்கும், ஓரத்தில் வெடிப்பு விழும். மண்டைக்குள் மூளையும் அப்படித்தான். ஒன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவான அந்த மென்மையான உறுப்பு, திரவத்தில் மிதக்கிறது. நேரான அதிர்ச்சியை அந்தத் திரவம் ஓரளவு தாங்கும், சுழற்சியைத் தாங்காது. தாடை நுனி கழுத்தின் அச்சிலிருந்து தள்ளி இருப்பதால் கதவின் கைப்பிடிபோல் வேலை செய்கிறது. அங்கே தட்டினால் தலை முழுதும் சுழலும். நரம்பிழைகள் இழுபடும், அவற்றின் சவ்வு வழியே பொட்டாசியம் வெளியேறும், கால்சியம் உள்ளே பாயும். விழிப்பைக் காக்கும் மூளைத்தண்டு கொஞ்ச நேரம் தன் வேலையை விட்டுவிடும். விழுகிறவருக்குக் கையை ஊன்றக்கூடத் தோன்றாதது அதனால்தான். குத்து வருவது தெரிந்தால் கழுத்துத் தசைகள் இறுகி, தலையை உடம்போடு கட்டிப்போடும். தெரியாவிட்டால் தலை தனியாகப் பறக்கும். மூரர் முதலில் வந்த இடது கையைச் சமாளித்துக்கொண்டிருந்தார். வலது அதன் நிழலில் வந்தது.

எழுந்து நின்றதோடு இது முடிவதில்லை. வெளியேறிய பொட்டாசியத்தைத் திரும்ப உள்ளே இழுக்க மூளை செல்கள் ஏராளமான ஆற்றலைச் செலவிட வேண்டும், அதுவும் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும் நேரத்தில். இந்தத் தட்டுப்பாடு நாள்கணக்கில் நீடிக்கலாம். நாக்-அவுட் ஆனவரைப் பல வாரங்களுக்கு ரிங்கில் ஏற விடாமல் தடுப்பது இதற்காகத்தான். ஃபோர்மேன் 48 வயதுவரை, 1997 நவம்பர்வரை, சண்டையிட்டார். மொத்தம் 81 சண்டை, 76 வெற்றி, அதில் 68 நாக்-அவுட்.