உணர்வாளர் வேறு, விழிப்புணர்வு வேறு

சென்ற வாரம் ஓர் ஒலி உரையாடலை ஒன்றேகால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டேன். அமெரிக்க ராப் பாடகர்கள் மோஸ் டெஃபும் தாலிப் குவேலியும் ‘பிளாக் ஸ்டார்’ என்ற பெயரில் 1998இல் வெளியிட்ட ராப் இசைத் தொகுப்பைப் பற்றிய பேச்சு. நெறியாளர் அதை ‘விழிப்புணர்வு ராப்’ என்று அறிமுகப்படுத்தினார். அதன் பிறகு வாய் திறந்தபோதெல்லாம் விழிப்புணர்வுதான். கலந்துகொண்ட இளைஞர் ஒருவர் கடைசியில் அலுத்துக்கொண்டார்: “நல்ல இசைதான், ஆனால் ஒரே அறிவுரை.” அவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பெயரைச் சொல்லி இலை போட்டால் அறிவுரைதான் நாக்கில் படும்.

அந்த ‘விழிப்புணர்வு’க்கு ஆங்கில மூலச்சொல் ‘கான்ஷியஸ்’. லத்தீனில் சேர்ந்து அறிதல் என்று பொருள். மனச்சாட்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும். நமக்கு வேண்டியது கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சில் அது பெற்ற பொருள். ஒருவரை அவர்கள் ‘கான்ஷியஸ்’ என்றால், தன் இனத்தின் வரலாறு அறிந்தவர், தன் நிறத்துக்கு நாணாதவர், அதிகாரம் தன்னை என்ன செய்கிறது என்று புரிந்தவர் என்று அர்த்தம். ஓர் ஆவணப்படத்தின் தமிழ் வசன வரிகளில் ‘சுயநினைவுள்ள பாடகர்’ என்று கண்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து நேராக மேடைக்கு வந்தார் போலிருக்கிறது! அந்தப் பிழையைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். விழிப்புணர்வு அப்படியல்ல. சரியான சொல்போலவே இருக்கிறது, அதனால்தான் ஒருவரும் திருத்துவதில்லை.

விழிப்புணர்வு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது டெங்கு, தலைக்கவசம், பதாகை பிடித்து வெயிலில் நடக்கும் பள்ளிப் பிள்ளைகள். அது ‘ஏற்படுத்தப்படுவது’. தெரிந்தவர் தெரியாதவருக்கு ஊட்டுவது. பிளாக் ஸ்டார் யாருக்கு எதை ஊட்டுகிறது? கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வி 1919இல் தொடங்கிய கப்பல் நிறுவனத்தின் பெயரை அந்த இருவரும் சூடிக்கொண்டார்கள். ஒரு பாட்டு பழுப்பு நிறப் பெண்களின் அழகைக் கொண்டாடுகிறது. இன்னொன்று கறுப்புக்கு உவமைமேல் உவமையாக அடுக்குகிறது. வேறொன்றின் பல்லவி, கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசனின் முதல் நாவலினுடைய இறுதிப் பக்க வரிகளிலிருந்து எடுத்து வளைத்தது. நடுநடுவே, எங்களைவிடத் திறமைசாலி யார் என்ற கூச்சமில்லாத தற்பெருமை. இதில் கொசு ஒழிப்பு எங்கே வருகிறது?

‘ஸ்டே வோக்’ என்ற வழக்கும் கறுப்பின அமெரிக்கர்களுடையதுதானே, அதில் விழிப்பு இருக்கிறதே என்று ஒரு நண்பர் மடக்கினார். இருக்கிறது. செய்யாத குற்றத்துக்காக 1931இல் அலபாமாவில் பிடிக்கப்பட்ட ஒன்பது கறுப்பினச் சிறுவர்களைப் பற்றிய பாட்டை 1938இல் பதிவு செய்தபோது, பாடகர் லெட் பெல்லி அந்தச் சொல்லால்தான் எச்சரித்தார். அங்கே போகிறவன் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிர் போகும் என்ற பொருளில். அது ‘விழிப்பாக இரு’. துண்டறிக்கை கொடுக்கும் விழிப்புணர்வு அல்ல.

சரியான சொல்லை வெளியே தேட வேண்டியதே இல்லை. வர்க்க உணர்வு, இன உணர்வு, மொழி உணர்வு என்று நூறு மேடைகளில் கேட்டிருக்கிறோம். அந்த உணர்வு உடையவர் உணர்வாளர். ‘கான்ஷியஸ்’ என்று ஒருவரைச் சுட்டும்போது அவர்கள் சொல்வது இதையேதான். ஆகவே உணர்வாளர் ராப். தனித்தமிழில் வேண்டுமென்றால் உணர்வாளர் சொல்லிசை. ராப்புக்குச் சொல்லிசை என்பது அழகாகவே ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘ஓர்மை’ என்று பரிந்துரைப்பவர்களும் உண்டு. நல்ல வேர்தான், குறளிலேயே ‘ஓர்ந்து’ இருக்கிறது. ஆனால் கேட்பவர் பாதிப் பேர் ஒற்றுமை என்று நினைப்பார்கள், மீதிப் பேர் அகராதியைத் தேடுவார்கள்.

உணர்வாளர் என்ற சொல்லில் மேடை முழக்கத்தின் வாடை அடிக்கிறது, சிலர் அதைக் கிண்டலாகவும் சொல்கிறார்கள் என்று ஆட்சேபம் வரலாம். அதுவும் பொருத்தம்தான். ‘கான்ஷியஸ்’ என்ற சொல்லையும் அங்கே பாதிப் பேர் பெருமையாகவும் பாதிப் பேர் கேலியாகவும்தான் சொல்கிறார்கள். கேலியையும் சேர்த்துக் கொண்டுவரும் மொழிபெயர்ப்பு தினமும் வாய்ப்பதில்லை.

விழிப்புணர்வுக்கு இந்த இசையில் இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். வன்முறையை நிறுத்தச் சொல்லி ராப் பாடகர் கேஆர்எஸ்-ஒன் முன்னின்று வேறு பல ராப் பாடகர்களைச் சேர்த்து 1989இல் வெளியிட்ட ஒரு பாட்டு உண்டு. நம்மை நாமே அழித்துக்கொள்கிறோம் என்று ஊரைக் கூட்டிச் சொல்வதற்காகவே செய்தது. அதை விழிப்புணர்வுப் பாடல் என்று தாராளமாக அழைக்கலாம். பதாகைகூடப் பிடிக்கலாம்.