ஹேமக்: தூளியா, ஏணையா, தூங்குமஞ்சமா?

கேம்பிங் போறவங்க எல்லாரும் இப்ப டென்ட்டோட சேர்த்து ஒரு ஹேமக்கும் பையில வச்சுக்கிறாங்க. ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டித் தொங்கவிட்டு அதுல படுக்கிற துணிதான் ஹேமக். இதுக்குத் தமிழ்ல என்னன்னு கேட்டா தொங்கு படுக்கைம்பாங்க, தூங்குமஞ்சம்பாங்க, வலைப்படுக்கைன்னும் சொல்லுவாங்க. எந்தப் பேர் வச்சா என்னன்னு தோணலாம், ஆனா பேரு தப்பா இருந்தா கட்டுறதும் தப்பாப் போகுதுங்கிறதை நான் முதுகு வலியோட கத்துக்கிட்டேன்.

மொதல்ல சொல் எங்கேருந்து வந்ததுன்னு பாப்போம். கரீபியன் தீவுகள்ல இருந்த தைனோ மக்களோட மொழியில இது ஹமாக்கா. அரவாக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி அது. 1492 அக்டோபர்ல கொலம்பஸ் பஹாமாஸ் தீவுகள்ல இறங்கினப்ப அங்க வீட்டுக்குள்ள பஞ்சு நூல்ல பின்னின வலை மாதிரி படுக்கைங்க தொங்கினதைத் தன்னோட நாட்குறிப்புல எழுதினாரு. ஸ்பானியர்கள் ஹமாக்காங்கிற பேரையே எடுத்துக்கிட்டாங்க, அங்கேருந்து பிரெஞ்சுக்கு ஹமாக்னு போச்சு, இங்கிலீஷ்ல ஹேமக் ஆச்சு. கனூ, ஹரிக்கேன், பார்பிக்யூ இதெல்லாம்கூட அதே தீவுகள்லேருந்து ஸ்பானிஷ் வழியா வந்த சொற்கள்தான், அந்த மக்களை நூறு வருஷத்துக்குள்ள கிட்டத்தட்ட இல்லாமப் பண்ணிட்டாங்க, சொற்கள் மட்டும் உலகம் பூரா சுத்திட்டு இருக்கு, அதை நெனச்சா மனசு கனக்குது.

டச்சுக்காரங்க பண்ணினது சுவாரஸ்யம். அவங்க காதுக்கு ஹமாக்கா புரியல, அதனால தங்களுக்குத் தெரிஞ்ச ரெண்டு சொல்லை ஒட்டி ஹங்மட்னு ஆக்கிட்டாங்க, தொங்குற பாய்னு அர்த்தம். ஜெர்மன்லயும் ஹெங்கமட்ட, அதே அர்த்தம்தான். போர்ச்சுகீஸ்காரங்க பிரேசில்ல இதைப் பார்த்துட்டு வலைங்கிற அர்த்தத்துல ரெஜின்னு கூப்பிட்டாங்க, இன்னைக்கும் அங்க அதான் பேரு. பாய்னு சொன்னா மனசுல தட்டையா ஒண்ணு வருது. வலைன்னு சொன்னா உடம்புக்கு ஏத்த மாதிரி குழிஞ்சு கொடுக்கிற ஒண்ணு வருது. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

ஏற்காட்டுல ஒரு காபித் தோட்டத்துல நான் மொதமொதல்ல ஹேமக் கட்டினப்ப என் மனசுல இருந்தது கயித்துக்கட்டில்தான். தொய்வில்லாம விறைப்பா இருந்தாத்தானே நல்லாத் தூங்கலாம்னு நெனச்சு ரெண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவுல முடிஞ்ச மட்டும் இழுத்துக் கட்டினேன். ராத்திரி பூரா தோள் ரெண்டையும் துணி நெருக்குது, திரும்பினா கவுந்துடும்போல ஆடுது, காலையில இடுப்பு நிமிரல.

ஏன் அப்படின்னு பின்னாடிதான் புரிஞ்சுது. இழுத்துக் கட்டக் கட்ட உங்க எடை துணியோட ஓரத்துக்கு மேல ஏறி நிக்கும், கொஞ்சம் அசைஞ்சாலும் கவுத்து விட்டுடும். தொய்வா விட்டா உடம்பு ஓரத்தைவிட நல்லாக் கீழ இறங்கிடும், பள்ளத்துல கெடக்கிற கோலி குண்டு மாதிரி எந்தப் பக்கம் ஆடினாலும் தானா நடுவுக்கே வரும். ரெண்டு முனையிலயும் மரக்கட்டை வச்சு விரிச்ச ஹேமக் ரிசார்ட் போட்டோவுல அழகா இருக்கும், ஆனா சட்டுனு கவுந்து விடுறதுல அதை அடிச்சுக்க ஆளில்ல, காரணம் அதேதான், தட்டையா இருக்கு.

கயித்துமேல விழுற பாரமும் கொஞ்சநஞ்சமில்ல. 70 கிலோ ஆள் படுக்கிறார்னு வைங்க. கயிறு கிடைமட்டத்துலேருந்து 30 டிகிரி சாய்வா மரத்துக்கு ஏறுச்சுன்னா ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ பாரம் இழுக்கும். 10 டிகிரின்னா 200 கிலோ. 5 டிகிரிக்கு இழுத்துக் கட்டினா 400 கிலோ, ஒரு பக்கத்துக்கு மட்டும்! கயிறு அறுறதும் மரப்பட்டை உரியறதும் சின்ன மரம் சாயறதும் இதனாலதான். அதனால 30 டிகிரிதான் கணக்கு. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் இங்கிலீஷ் எல் எழுத்து மாதிரி விரிச்சுப் பிடிச்சா ரெண்டு நுனிக்கும் நடுவுல இருக்கிற சாய்வு ஏறக்குறைய அந்த அளவு வரும், கயித்தோட வச்சுப் பார்த்துக்கலாம். இல்லன்னா ஹேமக்கோட ஒரு முனையிலேருந்து மறுமுனைக்கு மேலாப்புல ஒரு சின்னக் கயிறு, ஹேமக் நீளத்துல 83 சதவீதம் இருக்கிற மாதிரி கட்டிடுங்க, 10 அடி ஹேமக்னா 8 அடி 4 அங்குலம், அப்புறம் மரம் கிட்ட இருந்தாலும் எட்ட இருந்தாலும் தொய்வு பெருசா மாறாது.

இப்ப தமிழுக்கு வர்றேன். தூங்குங்கிற சொல்லுக்குப் பழைய அர்த்தமே தொங்குறது, அசையறது. அந்தரத்துல தொங்கின கோட்டையைச் சோழன் அழிச்சான்னு சொல்ற இடத்துல சங்கப் பாட்டுல தூங்கெயில்னுதான் வரும். தூங்கணாங்குருவிக்கு அந்தப் பேரு அது எந்நேரமும் தூங்குறதால வரல, கூடு கிளையில தொங்குறதால வந்தது. ஆடி அசைஞ்சு நடக்கிறதால யானைக்கே தூங்கல்னு ஒரு பேரு உண்டு. தொங்கி ஆடுறதும் கண் அசர்றதும் ஒரே சொல்லுக்குள்ள வந்து உக்காந்திருக்கு, ஹேமக்குக்கு இதைவிடப் பொருத்தமான வினை வேற எந்த மொழியில இருக்கும்னு எனக்குத் தெரியல.

அதனால தூங்குமஞ்சம்ங்கிறதுல பாதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மஞ்சம்தான் இடிக்குது. மஞ்சம்னா கட்டில், நாலு காலும் சட்டமும் இருக்கிற தட்டையான பொருள், அந்தப் படம் மனசுல இருந்தா நான் ஏற்காட்டுல பண்ணின தப்பைத்தான் எல்லாரும் பண்ணுவாங்க. தொங்கு படுக்கையில தப்பில்ல, ஆனா டச்சுக்காரங்க சொல்லை அப்படியே பெயர்த்த மாதிரி இருக்கு.

நம்மகிட்ட ஏற்கனவே தூளி இருக்கு, ஏணை இருக்கு. ரெண்டும் துணித் தொட்டில்தான். யாழ்ப்பாணத்துப் பக்கம் ஏணைன்னு சொல்றது இன்னைக்கும் வழக்கம். அம்மாவோட பழைய நூல் புடவையை எடுத்து விட்டத்துலயோ வயல் ஓரத்து மரக்கிளையிலயோ கட்டி, பிள்ளையை உள்ள போட்டா துணி தானா குழிஞ்சு பிள்ளையை ஏந்திக்கும். யாரும் அதை இழுத்துக் கட்டிப் பார்த்ததில்ல, குழிவுதான் பாதுகாப்புன்னு எல்லாருக்கும் தெரியும். என்ன, தூளி மேல ஒரே இடத்துல தொங்கும், ஹேமக் ரெண்டு மரத்துலேருந்து தொங்கும், அந்த வித்தியாசம் உண்டு. அதனால ஏணைப்படுக்கைன்னு சொன்னா குழந்தைத் தொட்டிலோட குழம்பாது, குழிவும் சொல்லுக்குள்ளயே வந்துடும். நான் அதைத்தான் சொல்றேன், பேச்சுல ஹேமக்னு வந்தா வந்துட்டுப் போகட்டும்.

குழிவா கட்டினா முதுகு வாழைப்பழம் மாதிரி வளையாதான்னு கேப்பீங்க. நீளவாக்குல நேராப் படுத்தா வளையும். மெக்சிகோவோட யுகத்தான் பகுதியில வீட்டுக்கு வீடு ஹமாக்காதான் படுக்கை, அவங்க குறுக்கவாட்டுல படுப்பாங்க. கேம்பிங் துணி அவ்வளவு அகலம் இருக்காது, அதனால கோணலா, தலை ஒரு ஓரமும் கால் எதிர் ஓரமுமா படுங்க, முதுகு ஆச்சரியமா நேராயிடும். கெண்டைக்கால்ல ஒரு மடிப்பு கட்டி மாதிரி உறுத்துச்சுன்னா ஒண்ணு துணி நீளம் பத்தலை, இல்ல இன்னும் கோணலாப் படுக்கணும். ஓரளவு உயரமான ஆளுக்கு 11 அடித் துணி சௌகரியம். கால் பக்கத்தைத் தலை பக்கத்தைவிட ஒரு சாண் உயர்த்திக் கட்டினா ராத்திரியில கால் பக்கமா சறுக்காம இருப்பீங்க.

ஏறுறப்ப மொதல்ல நடுவுல நாற்காலியில உக்கார்ற மாதிரி உக்காந்து, அப்புறமா கால் ரெண்டையும் தூக்கிப் போடணும். உக்காந்தப்புறம் தரையிலேருந்து ஒன்றரை அடி உயரம் போதும், அதுக்கு மேல வேண்டவே வேண்டாம். மரத்துல மெல்லிய கயித்தைச் சுத்தாதீங்க, ஒரு அங்குலத்துக்குக் குறையாத அகலப் பட்டையாக் கட்டுங்க, மரப்பட்டைக்கு உள்பக்கம்தான் மரத்தோட சாப்பாடு ஓடுற பாதை, அது நசுங்கக் கூடாது. மலையில குளிரும் கீழேருந்துதான் ஏறும், உடம்பு அழுத்துற இடத்துல ஸ்லீப்பிங் பேக் நசுங்கி வேலைக்கே ஆகாது, அடியில ஸ்லீப்பிங் மேட் ஒண்ணாவது போட்டுக்கணும், இல்ல வெளிப்பக்கமா ஒரு போர்வையைத் தொங்க விடணும்.

கட்டுறதுக்கு முன்னாடி அண்ணாந்து பாருங்க. காஞ்ச கிளை மேல இருந்தா அந்த மரம் வேண்டாம். தென்னை எவ்வளவு அழகா ஜோடியா நின்னாலும் குலையோட இருந்தா அதுவும் வேண்டாம்.