"எனக்கு ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை": சத்தமில்லாத பிறசரும் வீடு தேடி வருபவரும்

"எனக்கு ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை. பிறகென்னத்துக்குக் குளிசை?"

வன்னியில் ஒட்டுசுட்டானிலோ தர்மபுரத்திலோ, பிறசர் என்று நாங்கள் சொல்லும் இரத்த அழுத்தத்தைப் பார்க்கும் கருவியோடு ஒரு வீட்டுக்குள் போனால் இந்தக் கேள்வி வந்தே தீரும். இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அம்மம்மா சொல்வது உண்மை. அவருக்கு ஒன்றும் செய்யவில்லைத்தான். அதற்குக் காரணம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

கழுத்து நாடியின் சுவரிலும் பெருநாடியின் வளைவிலும், அழுத்தத்தை உணரும் நரம்பு நுனிகள் உண்டு. அழுத்தம் சட்டென்று ஏறினால் அவை மூளைக்குச் செய்தி அனுப்பும், மூளை இதயத்தை மெதுவாக்கும். ஆனால் அழுத்தம் நாட்கணக்கில் இறங்காமலே இருந்தால், இந்த நுனிகள் அந்த உயரத்தையே சரியான அளவாக எடுத்துக்கொள்கின்றன. மேல் அழுத்தம், அதாவது இதயம் சுருங்கும்போது உள்ள எண், 160 என்பது அவற்றுக்கு வழமையாகிவிடுகிறது. அதனால்தான் குளிசை தொடங்கிய முதல் நாட்களில், அழுத்தம் நல்ல அளவுக்கு இறங்கும்போது சிலருக்குத் தலை சுற்றுகிறது. "குளிசை போட்டபிறகுதான் வருத்தம் வந்தது" என்று அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. இதற்கிடையில் மூளையின் மெல்லிய குழாய்களும் சிறுநீரகத்தின் வடிகட்டிகளும் கண்ணின் விழித்திரையும் சத்தமில்லாமல் பழுதாகிக்கொண்டிருக்கும்.

பெண்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிய உதவுகிறது. மாதவிடாய் நின்றபின் அது குறைந்துவிட, குழாய்கள் விறைக்கின்றன. இளவயதில் ஆண்களைவிடக் குறைவாக இருந்த அழுத்தம் அறுபதுகளில் அவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறது. கர்ப்ப காலத்தில் பிறசர் ஏறி, சிறுநீரில் புரதம் போனவர்களுக்கு, பிற்காலத்தில் உயர் அழுத்தமும் மாரடைப்பும் பாரிசவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இந்தத் தகவல் எழுதப்பட்ட கர்ப்பிணிக் கொப்பி இடம்பெயர்வுகளில் தொலைந்துபோன தாய்மார் வன்னியில் எத்தனையோ பேர். ஆகவே வாய்விட்டுக் கேட்கத்தான் வேண்டும்: "பிள்ளை வயிற்றில இருக்கேக்க பிறசர் எண்டு ஆஸ்பத்திரியில மறிச்சவையா, அம்மா?" முப்பது வருடத்துக்கு முந்திய ஒரு பிரசவம் இன்றைய ஆபத்தைச் சொல்லிவிடும்.

சரி, குளிசைக்கு வருவோம். இங்கே பரவலாகக் கொடுக்கப்படும் குளிசைகளில் ஒன்று அம்லோடிபின். குழாய்ச் சுவரில் இருக்கும் தசை சுருங்க வேண்டுமென்றால் கல்சியம் அதற்குள் போக வேண்டும். அந்த வாசலை அம்லோடிபின் அடைக்க, தசை தளர்ந்து குழாய் விரிகிறது. இது உடம்பில் மெதுவாகவே குறைகிற மருந்து. நிறுத்திய மறுநாளே அழுத்தம் ஏறிவிடாது, சில நாட்களில் மெல்ல மெல்ல ஏறும். மெல்ல ஏறுவதால் யாருக்கும் தெரியாது. "விட்டுப் பார்த்தன், ஒண்டும் செய்யேல்லை" என்ற முடிவு இப்படித்தான் பிறக்கிறது.

சிலருக்கு இதே குளிசையால் கணுக்கால் வீங்கும். இரத்தம் உள்ளே வரும் சிறு நாடிகள் விரிகிற அளவுக்கு, அது வெளியேறும் பக்கத்துக் குழாய்கள் விரிவதில்லை. இடையில் இருக்கும் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து காலில் இறங்குகிறது. சிறுநீரக வருத்தத்தால் எத்தனையோ குடும்பங்கள் பட்ட பாட்டை வவுனியாப் பக்கத்தில் கண்ணால் கண்டவர்களுக்கு, வீங்கின கால் என்றால் கிட்னி பழுது என்றுதான் தோன்றும். குளிசையை நிறுத்திவிடுவார்கள். கட்டுப்படாத பிறசர்தான் சிறுநீரகத்தைத் தின்னும். கால் வீங்கினால் அளவைக் குறைக்கலாம், வேறு குளிசைக்கு மாற்றலாம். ஆனால் அதைச் சொல்லித்தர அந்த நேரத்தில் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். விடியப்புறம் பஸ் பிடித்து, வரிசையில் நின்று, ஒருநாள் கூலியையும் விட்டுவிட்டு வருகிறவரிடம், கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிடங்களில் இதெல்லாம் பேசி முடியாது.

வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர் இந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறார். இது சோதித்துப் பார்க்கப்பட்ட விசயம். இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலும் 30 கிராமப்புறச் சமூகங்களில் உயர் அழுத்தமுள்ள 2,645 பேரை வைத்து நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. அரசின் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய்ப் பிறசர் அளந்தார்கள், சாப்பாடு பற்றியும் குளிசை பற்றியும் பேசினார்கள், தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் அந்தக் கிராமங்களில் மேல் அழுத்தம் மற்றக் கிராமங்களைவிட 5.2 புள்ளி கூடுதலாக இறங்கியது. சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் மேல் அழுத்தம் 5 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற பெரிய ஆபத்துகள் பத்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று 2021இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்டார்கள்.

வீட்டுக்கு வருபவரின் கண்ணில் அடுப்படி படும், அதுதான் பெரிய வித்தியாசம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும், கிட்டத்தட்ட ஒரு மட்டத் தேக்கரண்டி. கருவாட்டுக் குழம்பும் மோர்மிளகாயும் ஊறுகாயும் சேர்ந்தால் அந்த அளவு மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். உப்பு இரத்தத்தில் நீரைப் பிடித்து வைக்கும், வயதான சிறுநீரகம் அதை வெளியேற்றத் திணறும். "உப்பைக் குறையுங்கோ" என்று கிளினிக்கில் சொல்வது காற்றோடு போகும். கருவாட்டைச் சுடுநீரில் ஊறவிட்டு அந்தத் தண்ணியை ஊற்றிவிடுங்கோ, சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளியைக் கூட்டி உப்பைக் குறையுங்கோ என்று பானைக்குப் பக்கத்தில் நின்று சொன்னால் அது நிற்கும்.

அளக்கும் முறையும் முக்கியம். வயலில் இருந்து வந்த கையோடு அளந்தால் எண் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் சாய்ந்து இருக்க விடுங்கள். கால் நிலத்தில் பதிய வேண்டும், கை நெஞ்சளவு உயரத்தில் எதன்மீதாவது தாங்கியிருக்க வேண்டும். அளக்கும்போது கதைக்கக் கூடாது. முன் அரை மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணியும் வேண்டாம், புகையிலை வைத்த வெற்றிலையும் வேண்டாம். எண்ணைக் கொப்பியில் எழுதிக் காட்டுங்கள். உடம்பு சொல்லாததை அந்த எண் சொல்கிறது.

மாதர் சங்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கிடைத்தால் நான் முதலில் சொல்வது இதை: ஒரு பக்க வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால், அது பாரிசவாதமாக இருக்கலாம், எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். மூளைக் குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து, இது தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டியது. அம்மம்மா கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது என்று பார்த்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.